பள்ளத்தாக்குக்கு மட்டும் பேர் இருக்கிறது

சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் பொகவந்தலாவைக்கும் சீசன் தொடங்கிவிடும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும், நீண்ட விடுமுறை வரும் ஒவ்வொரு வாரமும், பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் பத்திரிகைகளின் சுற்றுலாப் பக்கங்களிலும் ஒரே கட்டுரையை வேறு வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். பனிமூட்டம், பச்சைக் கம்பளம், மனிதக் கை படாத இயற்கை, சத்தமே இல்லாத அமைதி. பிறகு ஒரு நீர்த்தேக்கம், ஒரு பழைய தேவாலயம், ஒரு பங்களா. கடைசியில் கூடை சுமந்த ஒரு பெண் சிரிக்கும் படம். அந்தப் பெண்ணுக்குக் கீழே பேர் இருக்காது. "தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு" என்று பள்ளத்தாக்குக்கு மட்டும் பேர் போட்டிருக்கும்.

இதைப் படித்துவிட்டுப் பேசாமல் கடந்து போய்விடலாம்தான். சும்மா ஊர் சுற்றப் போனவர்கள் சும்மா எழுதியதற்கு ஏன் இத்தனை கோபம் என்று எங்களிடமே சிலர் கேட்கிறார்கள். எங்களுக்குக் கோபம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த எழுத்துகள் பொய்யான ஒரு பள்ளத்தாக்கைக் காட்டுகின்றன. அந்தப் பொய், இங்கே யாருக்குக் காணி கிடைக்க வேண்டும், யாருக்கு வருமானம் போக வேண்டும் என்ற கேள்விகளில் ஒரு தரப்புக்கு வசதியாக வேலை செய்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பொகவந்தலாவை அழகான இடம். அதை மறுக்கிற நோக்கம் எங்களுக்கு இல்லை. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக வரும் பாதை பொகவந்தலாவையைத் தாண்டி மேலே ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் பலாங்கொடைக்கு இறங்குகிறது. தெற்கே சிவனொளிபாதமலைக் காட்டுத் தொடர். கிழக்கே ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பு. இந்த இரண்டு காடுகளும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டுப் பகுதிக்குள் வருகின்றன. பள்ளத்தாக்கின் அடியில் கெசல்கமுவ ஓயா ஓடுகிறது. அது காசல்ரீயில் தேங்கி, கீழே போய் மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. கொழும்பில் குழாயைத் திறப்பவர்கள் குடிக்கும் தண்ணீரில் இந்த மலைகளில் பெய்த மழையும் இருக்கிறது. விடிகாலையில் பனி விலகும்போது சிவனொளிபாதமலை தெரியும் விதத்தை எங்களுக்கு யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை.

சண்டை அழகோடு இல்லை. "இயற்கை", "அமைதி", "நாங்கள் கண்டுபிடித்த இடம்" என்ற மூன்று பேச்சுகளோடுதான் எங்களுக்குச் சண்டை.

இயற்கையை எடுத்துக்கொள்வோம். தேயிலை செடி இல்லை, அது மரம். பேசாமல் விட்டுவிட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து போகும். இடுப்பு உயரத்தில், மேசை விரித்தது போல அது நிற்பதற்குக் காரணம், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் கத்தியோடு இறங்கிக் கவ்வாத்து வெட்டுவதும், வாரத்துக்கொரு தரம், பத்து நாளைக்கொரு தரம் பெண்கள் வந்து கொழுந்து எடுப்பதும்தான். நீங்கள் சொல்லும் பச்சைக் கம்பளத்தை ஒவ்வொரு வாரமும் யாரோ கையால் நெய்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கம்பளமும் இருக்காது, காட்சியும் இருக்காது. காடேறிப் போன மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

தேயிலைக்கு நடுவே வரிசையாக நிற்கும் சவுக்கு மரங்கள் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. தேயிலையே இந்த மண்ணுக்கு வந்த செடிதான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்தூரவில் தேயிலை வைத்தார். 1869இல் கோப்பி இலைகளில் நோய் விழுந்தது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. மழைத் தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல் மலைச் சரிவில் குறுக்காக ஓடும் கான்களை வெட்டியவர்கள் யார்? கல் அடுக்கி அணை கட்டியவர்கள் யார்? உங்கள் வேன் ஏறி வரும் வளைவுப் பாதைகளை முதலில் மண்வெட்டியால் போட்டவர்கள் யார்? இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து கப்பலேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். அந்த நடையில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. 2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தபோது, அந்தப் பாதையை எங்களில் பலர் முதல்முதலாகப் படிக்க ஆரம்பித்தோம்.

நீர்த்தேக்கமும் அப்படித்தான். படகில் உட்கார்ந்து "இயற்கை ஏரி" என்று எழுதுகிறார்களே, அந்த ஏரி 1965இல் அணை கட்டி உண்டாக்கப்பட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சி வரும் வருஷங்களில் தண்ணீர் வற்றி பழைய கோயில் வெளியே தெரியும். உடனே டிரோனோடு ஆட்கள் கிளம்பி வருவார்கள். ஒரு ஊர் மூழ்கியது கூட இங்கே பார்வையிடும் இடமாகிவிடுகிறது. இந்த நீரில் பிறந்த மின்சாரம் கம்பி வழியாகக் கொழும்புக்குப் போனது. அந்தக் கம்பிக்குக் கீழே இருந்த லயங்களில் பல பத்தாண்டுகள் குப்பி விளக்குதான் எரிந்தது.

இனி அந்தப் பழைய தேவாலயத்துக்குப் போவோம். பொகவந்தலாவைக்கு வருபவர்கள் தவறாமல் போகும் இடம் அது. பரிசுத்த மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் ஜூலியா மார்கரட் கமரனும் அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஜூலியா 19ஆம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர். டார்வின், டெனிசன், ஹெர்ஷல் என்று இங்கிலாந்தின் பெரிய மனிதர்களை எல்லாம் படம் எடுத்தவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இந்தப் பள்ளத்தாக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இறந்தார். அடுத்த வருஷம் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

சுற்றுலாக் கட்டுரைகள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகின்றன. நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறோம்.

அவர் இலங்கையில் எடுத்த படங்கள் இன்றைக்கும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. டார்வினின் படத்துக்கு டார்வின் என்று பேர். டெனிசனுக்கு டெனிசன் என்று பேர். இலங்கையில் அவருடைய கமராவுக்கு முன்னால் நின்ற நம்முடைய ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குப் பேர் எழுதப்படவில்லை. பெண், ஆண், கூட்டம், குடியானவர்கள் என்றே அவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். ஏறக்குறைய 150 வருஷம் ஆகிவிட்டது. அவருடைய கல்லறைக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துவிட்டு, பக்கத்து மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கும் அக்காவைப் படம் பிடித்து, "தேயிலைப் பெண்" என்று தலைப்பு வைத்துப் போடுபவர்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். கமரா மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணவரின் கதை இன்னும் கனமானது. கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு என்று உயர்தரத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கமரன் இவர்தான். 1830களின் தொடக்கத்தில் இராஜகாரிய முறை ஒழிந்ததும், அரசாங்கத்தின் கட்டுப்பாடுகள் தளர்ந்து தனியார் முதலீட்டுக்கு நாடு திறந்துவிடப்பட்டதும் அந்த ஆணைக்குழுவின் பெயரோடு சேர்த்துப் படிக்கிற விஷயங்கள். அதற்குப் பிறகு 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றானது. அந்தக் காணி தோட்டக்காரர்களின் கைக்குப் போனது. கமரனும் இலங்கையில் காணி வாங்கிப் போட்டவர்தான். ஆக, மலைநாட்டைத் தோட்டமாக்கிய பெரிய மாற்றத்துக்குக் கதவு திறந்தவர்களில் ஒருவர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே, பேர் பொறித்த கல்லுக்கு அடியில் படுத்திருக்கிறார். கதவுக்கு உள்ளே அழைத்து வரப்பட்டவர்களின் புதைகுழிகள் தோட்டத்து மயானங்களில், புல் மண்டிய மேடுகளாகக் கிடக்கின்றன. அங்கே கல்லும் கிடையாது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இடமும் கிடையாது.

அடுத்தது அமைதி. காலை பத்து மணிக்கு வந்து நின்று பார்த்தால் லயத்துப் பக்கம் அமைதியாகத்தான் இருக்கும். ஏனென்றால் ஆட்கள் எல்லாம் மலையில் இருப்பார்கள். விடியும் முன்பே எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவிலோ கிழவிகளிடமோ விட்டுவிட்டு, பிரட்டுக்குப் போய், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு ஏறியிருப்பார்கள். அந்த நேரத்தில் வந்து "என்ன அமைதி!" என்றால் எப்படி? அட்டை கடிக்கும் சத்தம் வெளியே கேட்காதுதான். குளவிக் கூடு கலைந்து பெண்கள் ஓடும் நாளில் வந்து பாருங்கள், இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை சத்தம் இருக்கிறது என்று தெரியும். குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி என்ற செய்தி இந்தப் பக்கத்தில் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. அதைப் படிப்பவர்களும் நாங்கள்தான். திருவிழா நாளில் தப்பு அடிக்கும்போது வந்தாலும் இது அமைதிப் பள்ளத்தாக்கு என்று எழுத உங்களுக்குக் கை வராது.

இன்னொரு அமைதியும் இருக்கிறது. அது எங்களுக்குப் பயம் தருகிற அமைதி. பல லயக் காம்பராக்களில் இப்போது அம்மாயியும் பேரப்பிள்ளையும் மட்டும்தான். எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் கொழும்பில் புடவைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறார்கள். அம்மாக்கள் மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருக்கிறார்கள். பின்னேரங்களில் ஆறேழு வீடுகளுக்கு ஒரு வீட்டில்தான் விளக்கு எரிகிற லயங்கள் உண்டு. ஆட்கள் ஏன் போனார்கள் என்று யாரும் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அதற்கு எத்தனை வருஷம் கத்தினார்கள் என்று நாடே பார்த்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் முழுதாக வேலை கிடைத்தாலும் 33,750 ரூபாய்தான் வந்தது. கிலோ குறைந்தால் அரைப் பேர். மழை, சுகயீனம், குறைந்த வேலை நாட்கள் எல்லாம் அதிலிருந்துதான் கழியும்.

தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் "பேர்" என்று சொல்வார்கள். இன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா என்பதுதான் பின்னேரப் பேச்சு. உங்கள் படத்துக்காக அந்த அக்கா வேலையை நிறுத்தி, கூடையைச் சரிசெய்து, திரும்பி நின்று சிரிக்கும் பத்து நிமிஷத்தில் அவர் எடுக்க வேண்டிய கொழுந்து கொடியிலேயே நிற்கிறது. அதற்கு நீங்கள் பேரும் போடுவதில்லை, அதனால் அவருக்குப் பேர் குறைந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்போது பல மலைகளில் கூடையே இல்லை, சாக்குப் பையில்தான் கொழுந்து எடுக்கிறார்கள். ஆனால் படத்துக்குக் கூடை வேண்டும். அதனால் உல்லாசப் பயணிகளுக்காகவே கூடையும் சேலையும் வைத்திருக்கும் இடங்கள் மலையகத்தில் முளைத்துவிட்டன. வேலை மாறினாலும் வேஷம் மாறக்கூடாது என்கிறது சுற்றுலா.

மூன்றாவது, பார்க்கும் இடம். சுற்றுலாக் கட்டுரைகள் சொல்லும் காட்சி முனைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே துரைமார் நின்ற இடங்கள். பங்களாவை எப்போதும் மேட்டில்தான் கட்டினார்கள். காற்றுக்காக மட்டும் இல்லை, கீழே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவும்தான். ஹப்புத்தளைப் பக்கம் லிப்டன் சீட் என்று கொண்டாடுகிறார்களே, அங்கே உட்கார்ந்து லிப்டன் இயற்கையை ரசித்தார் என்றா நினைக்கிறீர்கள்? தன்னுடைய தோட்டங்களைப் பார்த்தார். இன்றைக்கு அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், கீழே ஆட்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும்படி படம் எடுக்கிறார்கள். டிரோன் அந்த மேட்டை இன்னும் உயரமாக்கியிருக்கிறது.

லயத்து வாசலில் நின்று பாருங்கள், பள்ளத்தாக்கு வேறு மாதிரித் தெரியும். கானில் தண்ணீர் நிறைந்தால் எந்தக் காம்பராவுக்குள் முதலில் வரும், கொழுந்து மடுவம் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரிக்கு வாகனம் ஏற எந்த வளைவு வரைக்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும். நல்ல மண்ணில் தேயிலையை வைத்துவிட்டு, மிச்சம் கிடந்த சரிவிலும் பள்ளத்திலும் ஆட்களை வைத்தார்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு ஆட்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட முடியுமா? அந்தச் சரிவு ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாட்டில் மண் சரிந்தது. அடுக்கடுக்கான அழகிய சரிவு என்று நீங்கள் எழுதுகிற இடத்தில்தான் மழைக்காலத்தில் ஆட்கள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்கு எப்போதும் வருகிற பதில் ஒன்று உண்டு. "சுற்றுலா வந்தால் உங்களுக்குத்தானே நல்லது? நாலு பேருக்கு வேலை கிடைக்குமே. வருவதையும் ஏன் கெடுக்கிறீர்கள்?"

நியாயமான கேள்விதான். அதற்கு நேராகவே பதில் சொல்கிறோம். சுற்றுலா வரட்டும். வருகிற காசு யாருடைய கைக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்களில் சில இன்று ஆடம்பர விடுதிகள். அங்கே ஒரு இரவுக்கு வாங்கும் கட்டணம், பங்களாவுக்குக் கீழே கொழுந்து எடுக்கும் பெண்ணின் ஒரு மாதச் சம்பளத்தைவிட எவ்வளவோ அதிகம். அதே பெண்ணின் மகள் லயத்தில் இரண்டு காம்பராவைத் திருத்தி, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்துப் பிழைக்க நினைத்தால் முடியுமா? அவள் நிற்கும் நிலம் அவளுடையது இல்லை. ஒரு சுவர் எழுப்பவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உறுதிப்பத்திரம் இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? பல லயங்களுக்கு இன்னும் வீட்டிலக்கமோ தனி முகவரியோ கிடையாது. தோட்டத்தின் பேருக்குத்தான் கடிதம் வரும். அது எப்போது, யார் கையால், எத்தனை நாள் கழித்து வந்து சேரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். கூகுள் மெப்பில் பங்களாவுக்குப் புள்ளி இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, லயத்துக்கு இலக்கமே இல்லை. இந்த நிலையில் சுற்றுலா வந்தால், எங்களுக்குக் கிடைக்கும் வேலை பங்களாவில் தட்டுக் கழுவுவதும் படத்துக்குச் சிரிப்பதும்தான். அப்பாயி துரைக்கு அப்பு வேலை செய்தார், பேரன் உல்லாசப் பயணிக்கு அப்பு வேலை செய்வான். இதற்கு அபிவிருத்தி என்று பேரா?

காணி எப்படி எங்களுக்கு இல்லாமல் போனது என்பது இயற்கையின் செயல் கிடையாது, அதற்குத் திகதிகள் இருக்கின்றன. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். ஹட்டனில் கோச்சி ஏறிப் போனவர்களின் அழுகையை இன்றைக்கும் பாட்டிமார் சொல்வார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது, காணி கிடைத்தவர்களின் வரிசையில் எங்கள் ஆட்கள் இருக்கவில்லை. 1977இல் தோட்டக் காணிகளைப் பறிப்பதற்கு எதிராக நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுடப்பட்டார். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. அப்போதும் லயம் லயமாகவே இருந்தது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்யத் தடையாக இருந்த சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. "ரோட் மோசம், கார் போகாது" என்று கருத்து எழுதும் பயணிகள், அந்த ரோட் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கும் இங்கே ஒரு சட்டம் இருந்தது என்று தெரிந்துகொள்ளட்டும். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்துக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியோடு வீடு என்ற பேச்சும் எத்தனையோ தேர்தல்களைக் கண்டுவிட்டது. இரண்டு நூற்றாண்டு உழைப்புக்கு ஏழு பேர்ச்சஸ், அதுவும் வரிசையில் நின்று.

எங்கள் பக்கத்து இளைஞர்களிடமும் ஒன்று பேசவேண்டியிருக்கிறது. "எங்க ஊரு சொர்க்கம் மச்சான்" என்று ரீல்ஸ் போடுகிற தம்பி தங்கச்சிமாரே, உங்கள் பெருமை எங்களுக்கும் பெருமைதான். தோட்டக்காட்டான் என்று ஏளனம் கேட்டு வளர்ந்தவர்கள், தோட்டத்தை அழகென்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த ரீல்ஸில் லயம் தெரியாதபடி ஏன் கமராவைத் திருப்புகிறீர்கள்? தகரக் கூரை காட்சியைக் கெடுக்கிறது என்று யார் உங்களுக்குச் சொன்னது? நம்ம ஊரை நாமே துரையின் மேட்டில் நின்று படம் எடுத்தால், வெளியே இருந்து வருகிறவன் கீழே இறங்கி வருவானா? உங்கள் டிவிசன் பேரைப் போடுங்கள். அம்மாவின் பேரைப் போடுங்கள். கவ்வாத்து எப்படி வெட்டுவது என்று உங்கள் அப்பா சொல்லும் இரண்டு நிமிஷத்தைப் போடுங்கள். பனிமூட்டத்தைவிட அதை நாலு பேர் கூடப் பார்ப்பார்கள், பாருங்கள்.

இது எல்லாவற்றையும் அரசியலாக்குவதுதானே என்பார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு கல்லறைக்குப் பேரும் நூறு கல்லறைகளுக்குப் புல்லும் இருப்பது ஏற்கெனவே அரசியல்தான். நாங்கள் அதைச் சுட்டிக்காட்டுகிறோம்.

வேறு விதமாகவும் காட்ட முடியும் என்பதற்கு மலையகத்திலேயே உதாரணம் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. இயந்திரங்களையும் தோட்டத் துரைமாரின் சாமான்களையும் அங்கே பார்க்கலாம். கம்பளைப் பக்கத்தில் பழைய லயக் காம்பராக்களிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. அங்கே அம்மியும் பித்தளைப் பாத்திரமும் தப்பும் கவ்வாத்துக் கத்தியும் மனிதர்களின் வாழ்க்கையைச் சொல்கின்றன. முதலாவதுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? பொகவந்தலாவைக்கு வருகிற பயணிக்கு இந்த இரண்டாவது வகையில் காட்டுவதற்கு ஒரு காம்பராகூட இல்லையா? கமரன் தம்பதியின் கல்லறைக்குப் போகும் வழியில், இந்த மலைகளைத் திறந்தவர்கள் யார் என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

அதனால் எழுதுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பேரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் எழுதுங்கள். தோட்டத்தின் பேரையும் டிவிசனையும் எழுதுங்கள். "மனிதக் கை படாத" என்ற சொல்லை இந்த மலைகளைப் பற்றி இனி எழுதாதீர்கள். மேலே இருக்கும் காட்டைப் பற்றி எழுதுங்கள், அதற்கு அந்தச் சொல் ஓரளவாவது பொருந்தும். தங்குவதற்குப் பங்களாவைத் தேடும்போது, இந்தப் பள்ளத்தாக்கு ஆட்களால் ஏன் ஒரு தங்குமிடம் நடத்த முடியவில்லை என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பொன் பள்ளத்தாக்கைச் சுற்றுலா வலயம், கேபிள் கார், சாகச விளையாட்டு என்று திட்டம் தீட்டுவதற்கு முன்னால் உறுதிப்பத்திரத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு இலக்கத்தைக் கொடுங்கள். ஆபத்தான சரிவில் இருப்பவர்களுக்கு, அவர்கள் கேட்கும் இடத்தில், பயிர் வைக்கவும் போதுமான காணியைக் கொடுங்கள். அதற்குப் பிறகு வருகிற பயணியை எங்கள் வாசலில் நின்று நாங்களே வரவேற்போம். நல்ல சாயத் தேத்தண்ணியும் கொடுப்போம். தரமான தூள் ஏலத்துக்கும் ஏற்றுமதிக்கும் போய்விடுவதால் அது இதுவரை எங்கள் காம்பராக்களுக்கு அதிகம் வந்ததில்லை. அப்போது எங்கள் வீட்டுக்குச் சொந்தமான அடுப்பில் அதை ஊற்றுவோம்.

அதுவரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கை அமைதியானது என்று எழுதாதீர்கள். நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.